முதலாளிக்குச் சுகர்

வெள்ளவத்தைக் கிளினிக்கில் இப்போது வேலை செய்கிறவர்கள் மாறி மாறி எனக்குப் போன் எடுக்கிறார்கள். நான் சோற்றில் கை வைக்கிற நேரம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறதோ தெரியாது.

"அண்ணே, ஒரு சுகர் பூனை. ஊசி போட்டும் இறங்குதில்ல. வீட்டுக்காரங்க எல்லாம் சரியாத்தான் செய்றாங்களாம்."

எல்லாம் சரியாத்தான் செய்றாங்களாம். இருபத்தாறு வருடம் இதைக் கேட்டுவிட்டேன். சரியாகச் செய்கிற வீட்டில் ஏன் பூனை வாளித் தண்ணீரைக் குடிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னையே கேட்கிறார்கள். எனக்கு ஆட்களோடு நேரில் கதைக்கவே கூச்சம். போனில் வார்த்தை இன்னும் வராது. ஆகவே எழுதித் தருகிறேன். கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மற்றப் பிழைகளை நானே கீழே சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. தெரிந்த ஒருவர் சொல்லி, கிளினிக்கில் கூடு கழுவ வந்தேன். எத்தனை சவர்க்காரம் போட்டும் என் கையில் இருந்த மீன் மணம் போகவில்லை. ஊசிக்கு யாரையும் கிட்ட விடாத பூனைகூட என் கையை மோந்துகொண்டு பேசாமல் இருந்தது. டொக்டர் இதை இரண்டாம் நாளே கவனித்துவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து நான் பூனை பிடிக்கிறவன். முழங்கால் இரண்டும் போய், போன வருடம் வேலையை விட்டு நின்றுகொள்ளும்வரை அதுதான் என் வேலை.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. இரத்மலானையிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். நாங்கள் எல்லோரும் மிஸ் என்போம். அவருக்குத் தமிழில் இரண்டே சொல்தான் தெரியும், வாங்க, இருங்க. வெள்ளவத்தையில் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர். நான் சந்தையில் சிங்களம் பழகியவன். ஆகவே பூனையைப் பிடித்துக்கொண்டே மொழிபெயர்ப்பும் நான்தான். கூச்சக்காரனுக்குக் கிடைக்கக்கூடாத வேலை. ஆனால் ஒரு வசதி இருந்தது. நான் சொல்வது எதுவும் என் சொல் இல்லை. மிஸ் சொன்னதை அவர்களிடம் சொல்வேன், அவர்கள் சொன்னதை மிஸ்ஸிடம் சொல்வேன். நடுவில் நான் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். இன்னும் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பூனையின் காதில் குத்தி இரத்தம் எடுக்குமுன், காதைத் தன் உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சூடு ஏற்றுவார். குளிர்ந்த காதில் துளி வராது. வராவிட்டால் திரும்பக் குத்தவேண்டும், மூன்றாம் தரம் பூனை உங்களை நம்பாது. இன்சுலின் போத்தலைக் குலுக்கக் கூடாது, இரண்டு கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடாத பூனைக்கு ஊசியைப் போடாதே, எனக்குப் போன் எடு. இதைத் தமிழில் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஊசியைப் படித்துக்கொள்வார்கள். சாப்பாட்டில்தான் எல்லோரும் டொக்டராகிவிடுவார்கள். சோறு கூடாது என்றால், "சிவப்பரிசிச் சோறுதானே தம்பி, அதுக்குச் சுகர் ஏறாது" என்பார்கள். ஒரு அம்மா மீனோடு குரக்கன் பிட்டைப் பிசைந்து வைத்தார். தன் கணவருக்குச் சுகர் இறங்கியது குரக்கனால்தானாம். பால் கூடாது என்றால், "சீனி போடாத பால்தான்." யார் பூனைக்குச் சீனி போட்டுப் பால் கொடுக்கிறார்கள்? இன்னொருவர் பாவற்காய்ச் சாற்றைச் சிறிஞ்சில் எடுத்துப் பூனையின் வாய்க்குள் அடித்தார். அதன்பிறகு அந்தப் பூனை நான்கு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. பூனை மனுசன் இல்லை. அதற்கு மீனும் இறைச்சியும் பூனைக்கென்று ரின்னில் அடைத்து விற்கிறதும்தான் சாப்பாடு. சோறும் மாவும் பிஸ்கற்றும் சுகர் பூனைக்கு வைப்பதும், ஊசியை நிலத்தில் குத்துவதும் ஒன்று.

இனி நான் பிழை விட்ட பூனையின் கதை.

பரமேஸ்வரன் சேர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில், தன் அக்காவோடு இருந்தார். இருவரும் கல்யாணம் செய்யாதவர்கள். சேர் ஒருநாள் மூடி போட்ட உடுப்புக் கூடையில், மூடியை நூலால் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய மஞ்சள் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். நான் பூனைக்கான மருந்து அட்டையை எழுத உட்கார்ந்தேன்.

"பேர் சொல்லுங்க சேர்."

"முதலாளி."

"உங்க பேரு இல்ல சேர், பூனையோட பேரு."

"அதுதான் தம்பி சொல்லுறன். வீட்டில நாங்கள் ரெண்டு பேரும் அவருக்குத்தான் வேலை செய்யிறம்."

ஏழு கிலோ இருந்த பூனை ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. அது மூத்திரம் போகிற மண் தட்டில் கட்டி தேங்காய்ப் பாதி அளவாம். பின்னங்கால் குதியை நிலத்தில் அழுத்தி, கிழவன் செருப்பு இழுப்பதுபோல் நடந்தது. சுகர் நானூறுக்கு மேலே.

"பூனைக்குச் சுகரோ?" என்றார் சேர், யாரோ தன்னை அவமதித்ததுபோல. "எனக்கே இல்லையே!"

மிஸ் காலை ஒரு யூனிற், மாலை ஒரு யூனிற் என்று எழுதினார். சோறு, பால், பிஸ்கற் மூன்றும் இல்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார். சேர் அதையெல்லாம் கொப்பியில் கோடு போட்டு எழுதிக்கொண்டார். ஊசி போட எனக்குப் பயமில்லை, ஆனால் முதலாளியின் காதில் குத்தி இரத்தம் எடுக்க மனம் வராது, சனிக்கிழமைதோறும் இங்கே கொண்டுவருகிறேன் என்றார். மிஸ் ஒத்துக்கொண்டார். திங்கள் முதல் வெள்ளிவரை காலையில் வீட்டுக்குப் போய் ஊசி பழக்கிவிடும்படி என்னை அனுப்பினார்.

சேரின் அக்காவை அங்கேதான் கண்டேன். சமையலறை அவருடையது. சேர் அதன் வாசலைத் தாண்டுவதில்லை. பூனையின் தட்டும் சமையலறைக்குள்தான் இருந்தது. முதல் நான்கு நாளும் அவித்த சூடை மீன் முள் எடுத்து அந்தத் தட்டில் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு ஒழுங்கான வீடு எனக்கு வாய்த்ததில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளி. நான் போனபோது அக்கா தலை முழுகி ஈரத் துவாயைக் கொண்டையில் சுற்றியிருந்தார். வீடு முழுக்கச் சாம்பிராணி. என் கண்முன்னே தட்டில் சோற்றைப் போட்டுப் பாலை ஊற்றிப் பிசைந்தார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லே தம்பி. மீன் மச்சம் வீட்டுக்குள்ள வராது. இவர் பாலும் சோறும் நல்லாச் சாப்பிடுவார். சாப்பிட்ட உடன நீர் ஊசியைப் போடும்."

முதலாளி சாப்பிட்டார். நான் ஊசியைப் போட்டேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். சோறு கூடாது என்று அதே வாயால் சொன்னவன் நான். சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சாமி கும்பிட்டுவிட்டு வந்து நிற்கிற ஒரு அம்மாவிடம், வெள்ளிக்கிழமை காலையில், மீன் வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? நானே வெள்ளிக்கிழமையில் மீன் சாப்பிடாதவன். சந்தையில் பெட்டி தூக்கிய காலத்தில்கூட அன்றைக்குப் பருப்பும் சோறும்தான். ஒரு நாள்தானே என்று படியிறங்கி வந்துவிட்டேன். இறங்கி முடியுமுன் மறந்தும்விட்டேன்.

மறுநாள் சனி. மீன்காரன் எட்டு மணிக்குத்தான் வருவான், ஆகவே முதல்நாள் மிச்சமிருந்த பால் சோற்றைத்தான் காலையிலும் பூனை சாப்பிட்டிருந்தது. இது பிறகு தெரிந்தது. காதில் குத்திப் பார்த்தால் முந்நூற்று எண்பது.

மிஸ் பேனையை மூடி வைத்தார். "கேம வெனஸ் வுனாத?" என்று என்னிடம் கேட்டார்.

"சாப்பாட்டுல ஏதும் மாத்தமா சேர்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. ஒவ்வொரு கிழமையும் எப்பிடியோ அப்பிடித்தான்."

"நே மிஸ்," என்றேன். எந்த மாற்றமும் இல்லை.

இதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மாற்றம் என்று சேருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கிழமை தவறாமல் வருகிற ஒன்றை யார் மாற்றம் என்று நினைப்பார்கள்? மிஸ் மருந்தை இரண்டு யூனிற்றாக்கினார்.

அடுத்த சனியும் அதே கதை. முந்நூற்று அறுபது. அதே கேள்வி, அதே பதில். மூன்று யூனிற். அதற்கடுத்த சனியும் முந்நூறுக்குக் கீழே வரவில்லை. மிஸ் கண்ணாடியைத் துடைத்தார். இன்னும் ஏற்ற அவருக்கு மனமில்லை, மூன்றோடு ஒரு வாரம் பார்ப்போம் என்றார். சேர் கொப்பியை நீட்டினார். மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசிக்க வேண்டும். ஊசி போட்ட நேரம், யூனிற், குடித்த தண்ணீர், மண் தட்டுக் கட்டி எத்தனை, எல்லாம் காணி அளந்த கைக்குரிய சுத்தத்தோடு இருந்தது. சாப்பாடு என்ற நிரலில் மட்டும் மேலிருந்து கீழ்வரை 'சரி, சரி, சரி.' கடைசியில் குறிப்பு என்று ஒரு நிரல். வெளியில் ஆறு பேர் காத்திருந்தார்கள். இலக்கங்களை மட்டும் வாசித்தேன். குறிப்பை வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"தம்பி, இவர் கட்டிலுக்குக் கீழ கிடந்து வலிப்பு மாதிரி இழுக்கிறார். காலெல்லாம் இழுக்குது. கூப்பிட்டாத் தெரியேல்ல."

சேரின் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. "சேர், கித்துள் பாணி, இல்லாட்டி ஏதும் இனிப்புப் பாணி இருக்கா? விரல்ல எடுத்து பல்லு முரசுல தேய்ங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரைக்கேறும். தேய்ச்சுக்கிட்டே வாங்க."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "தள்ளு, நான் தேய்க்கிறன். நீ ஓட்டோவைக் கூப்பிடு."

பத்து நிமிடத்தில் ஓட்டோவில் வந்தார்கள். அக்கா கிளினிக்குக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. கூடை இல்லை, சேலைத் தலைப்பில் பூனையைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவர் விரலெல்லாம் பாணி, விரலில் கடிகாயம். காதில் குத்தினோம். முப்பத்தொன்று. கல்லில் குத்தியதுபோல்தான், பூனைக்குத் தெரியவேயில்லை, கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் முன்னங்காலைப் பிடித்தேன், மிஸ் மயிரை வழித்து நாளத்தைத் தேடினார். நாளம் நூல்போல் இருந்தது. இரண்டாம் தரத்தில்தான் ஏறியது. குளுக்கோஸை மெதுவாக, மிக மெதுவாக அமுக்கினார். முதலில் இழுப்பு நின்றது. மூச்சு நின்றுவிட்டதோ என்று நான் விலாவில் கை வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து வால் நுனி ஆடியது. அப்போதுதான் அக்கா கதிரையில் உட்கார்ந்தார்.

மிஸ் கையைக் கழுவிவிட்டு வந்து அவர்முன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை மாற்றமா என்று கேட்கவில்லை. "இன்று காலை என்ன சாப்பிட்டது? கேள்."

"சூடை மீன்," என்றார் அக்கா. "அவிச்சு, முள்ளெடுத்து."

"நேற்று?"

"கோழி. உப்புப் போடாமல்."

"முந்தாநாள்?"

இப்படியே ஒவ்வொரு நாளாகப் பின்னுக்குப் போனார். திங்கள் கோழி. ஞாயிறு மீன். சனி பின்னேரம் மீன், சனி காலை...

"சனி காலமை பாலும் சோறும். வெள்ளியில மிஞ்சினது."

"வெள்ளி?"

"பாலும் சோறும்தான். வெள்ளியெல்லே."

மொழிபெயர்க்கும்போதே கணக்கு எனக்கே விளங்கிவிட்டது. வெள்ளி ஒருநாள் சோறு. சனி இரத்தம் பார்க்கிறோம், ஏறியிருக்கிறது. மருந்தை ஏற்றுகிறோம். பிறகு ஆறு நாள் மீனும் கோழியும், அதற்கு அந்த மருந்து அதிகம். சேர் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த கொப்பியை எடுத்துக் குறிப்பு நிரலைப் பார்த்தேன். 'புதன்: நாள் முழுக்க நல்ல நித்திரை. கூப்பிட்டால் கொஞ்சம் தள்ளாடி வருகிறார்.' அதற்கு முதல் புதனும் நல்ல நித்திரை. பூனை நித்திரை கொள்ளவில்லை, மயங்கிக் கிடந்திருக்கிறது.

உங்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். மாற்றம் ஏதும் உண்டா என்று ஒருவரையும் கேட்காதீர்கள். அதற்கு இல்லை என்றுதான் பதில் வரும், அதுவும் மனச்சாட்சிப்படி வரும். இன்று என்ன, நேற்று என்ன, முந்தாநாள் என்ன என்று ஏழு நாளும் கேளுங்கள். வெள்ளி மட்டுமில்லை. பௌர்ணமிப் போயா தினம் இருக்கிறது, கந்தசஷ்டி இருக்கிறது, நோன்பு இருக்கிறது. இந்தக் கொழும்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் பூனையும் அந்த வீட்டு ஆள்தான்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். குரல் எனக்கே காது கொடுத்துக் கேட்கவேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது.

"இவர்களிடம் சொல்லு. சோறு கூடாது என்று முதல் நாளே சொன்னேன். மூன்று சனிக்கிழமை கேட்டேன். மூன்று தடவையும் மறைத்திருக்கிறார்கள். இன்று இந்தப் பூனையைக் கொல்லப் பார்த்தது சுகர் இல்லை, இவர்கள்."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "மிஸ் சொல்றாங்க... சோறு வச்சிருக்கக் கூடாதாம்மா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உவ்வளவு நேரம் கதைச்சவ இவ்வளவோ சொன்னவ? முழுக்கச் சொல்லும்."

முழுக்கச் சொன்னேன். மறைத்தீர்கள் என்றதும் அவர் எழுந்துவிட்டார்.

"ஆர் மறைச்சது? தம்பி, நீர் பக்கத்தில நிண்டனீர். நான் பாலை ஊத்தேக்க பாத்துக்கொண்டு நிண்டனீர். உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் வைச்சனான். பிழையெண்டா அண்டைக்கே சொல்லியிருக்கலாமே? வாயை மூடிக்கொண்டு ஊசியைப் போட்டிட்டுப் போனீர். இப்ப நாங்கள் மறைச்சதோ?"

"அக்கா, விடுங்கோ," என்றார் சேர்.

"என்னத்தை விடுறது?"

மிஸ் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மொகத கிவ்வே?" என்ன சொல்கிறார்?

அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மன்னிப்புக் கேட்கிறார் மிஸ் என்று சொன்னால் முடிந்தது. மிஸ் நம்பியிருப்பார். அக்கா தன் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். பூனையும் பிழைத்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமான ஒரு வழி அதற்குமுன் திறந்ததில்லை.

மொழிபெயர்த்தேன். அவர் சொன்ன ஒன்றையும் விடவில்லை. அவன் பக்கத்தில் நின்றான் என்று சொல்லாமல், நான் பக்கத்தில் நின்றேன் மிஸ் என்று சொன்னேன்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் நீ ஏன் சொல்லவில்லை?"

"மிஸ், நானும் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுறதில்ல."

மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவை காண்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு மருந்து அட்டையை எடுத்து மூன்று யூனிற்றை வெட்டி ஒன்று என்று எழுதினார்.

"நாளைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, மிஸ்."

"நாளைக்கு இந்தப் பூனை என்ன சாப்பிடப் போகிறது? கேள்."

கேட்டேன். சேர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையில் கிடந்த பூனையைப் பார்த்தார். அது மீசையில் ஒட்டியிருந்த பாணியை நக்கப் பார்த்து, நாக்கு எட்டாமல் விட்டது.

"மச்சம் வீட்டுக்குள்ள வராது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரின்னெண்டா... படியில வைச்சுத் திறக்கலாம். தட்டு வேற. கரண்டி வேற. நான் தொடமாட்டன். இவன் வெள்ளியில பூசை முடியாமல் வெளிய வரமாட்டான். ஆர் திறக்கிறது?"

"நான் வாறேம்மா," என்றேன். அதை மிஸ் சொல்லச் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலை ஆறரைக்கு அந்த இரண்டாம் மாடிப் படியில் குந்தியிருந்து ரின்னைத் திறந்தேன். மணம் வீட்டுக்குள் போனதும் முதலாளி கட்டுப் போட்ட காலோடு வந்து என் முழங்காலில் முட்டினார். அக்கா தலையில் ஈரத் துவாயோடு கதவுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிலையைத் தாண்டவில்லை.

"பாதி போதும்," என்றார். "நேத்து அவ்வளவு வருத்தம் வந்த பிள்ளை. கனக்கக் குடுக்காதையும்."

என் கை தட்டின்மேல் நின்றது.

"இல்லீங்கம்மா," என்றேன். "முழு ரின்னும் குடுக்கணும். பாதி சாப்பிட்டா ஊசி போட ஏலாது."

அவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வையும்."